316-ஆம் டோக்கன்காரர் மகள்

ஒன்றும் இல்லையாம். நுரையீரல் சுத்தமாக இருக்கிறதாம். டாக்டரம்மா சொன்னதாக மகள் கோகிலா வெளியே வந்து சொன்னாள், சொல்லிவிட்டு, கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தவள் மாதிரி பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நான்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. இந்த இரண்டு வார்த்தைக்காக இரண்டு மாதமாக மருதமலை முருகனிலிருந்து எங்கள் முக்குப் பிள்ளையார் வரைக்கும் ஒருத்தரையும் விட்டு வைக்காமல் நச்சரித்திருக்கிறேன். இப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். சிங்காநல்லூரில் ஏறினோம், இன்னும் ராமநாதபுரம் சிக்னல் தாண்டவில்லை. கோகிலா இடது பக்கம் பொம்பளைகள் சீட்டில், எனக்கு நாலு வரிசை முன்னால். நான் வலது பக்கம் ஜன்னலோரம், மடியில் அந்தப் பெரிய பழுப்பு உறை, உள்ளே அவளுடைய எக்ஸ்ரே படம். அவள் பின்னங்கழுத்தும் பிளாஸ்டிக் கிளிப்பும்தான் தெரிகின்றன. நடுவில் ஆட்கள் நிற்பதால் அதுவும் தெரிந்து தெரிந்து மறைகிறது. நாற்பது வயதுக்காரி, பேக்கரியில் பில் போடுகிறவள், ஒரு வார்த்தை அதிகம் பேசினால் சண்டைக்கு வருகிறவள். எழுந்து போய் அந்தத் தலையில் கை வைத்துவிட்டு வரலாமா என்று தோன்றுகிறது. பஸ்ஸில் அப்படிச் செய்தால் கிழவனுக்கு மண்டை கழன்றுவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்காது. கண்டக்டர் வந்தார், ஐம்பது ரூபாயை நீட்டினேன், மீதியை வாங்க மறந்துபோனேன், அவரே கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். எல்லாரும் நல்ல மனுஷர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி தூங்குகிறானே இவன் கூட நல்லவன்தான், என் தோளில் சாய்கிறான், சாயட்டும்.

டாக்டர்கள் வந்து உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில் நடந்ததை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. சிரிப்பா அது, என்னவென்று சொல்வது. எங்கள் கம்பெனி கல்நார்த் தகடு, அதுதான் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், செய்த கம்பெனி. சீமைக்காரர்களுடையது. அவர்கள் ஊரிலேயே அந்தத் தூசியால் ஆட்கள் செத்து, வழக்குமேல் வழக்காகி, தாய்க் கம்பெனி திவாலாகி, நெஞ்சு கெட்டுப்போன தொழிலாளிகளுக்கென்று கோர்ட் ஒரு டிரஸ்ட் வைக்கச் சொல்லியிருக்கிறது. இங்கே எங்கள் கம்பெனி மூடிப் பதினேழு வருஷம் கழித்து ஒரு வக்கீல் வந்து, உங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றார். எக்ஸ்ரே எடுப்பார்கள், டாக்டர்கள் பார்ப்பார்கள், நுரையீரலில் எவ்வளவு தழும்பு என்று ஒன்று, இரண்டு, மூன்று போடுவார்கள். மூன்று என்றால் பணம் அதிகம், ஒன்று என்றால் குறைவு, ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. நாங்கள் அதை மார்க் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். உனக்கு என்ன மார்க்? எனக்கு ரெண்டு. அடேங்கப்பா, கொடுத்து வெச்சவன்டா. போன வருஷம் எனக்கு இரண்டு என்று தாள் வந்தபோது ஐந்து பேர் வந்து கையைக் குலுக்கினார்கள், ஒருத்தன் டீ வாங்கிக் கொடுத்தான், மாடிப்படி ஏற முடியாத நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன். இந்த வருஷம் குடும்பத்தாரையும் பார்க்கிறோம் என்று அறிவித்ததும் மண்டபம் ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டது. கோகிலாவுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் பழைய கூட்டாளி ராஜமாணிக்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைத் தட்டினான். "வுடு நாச்சிமுத்து. மனசத் தளர வுட்றாத. எனக்குங்கூட மொதல்ல இல்லைன்னுதான் வந்துச்சு. மறுக்காப் போட்டேன், ஆறு மாசத்துல கெடச்சுது" என்றான். கிடைத்தது என்கிறான். எது கிடைத்தது என்று அவனும் யோசிக்கவில்லை. நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன், அவன் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினான். அழத்தான் செய்தேன். "இத்தனை கஷ்டத்துலயும் இப்படி ஒரு அநியாயம் பாருங்க" என்று அவன் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

அவனுக்கு வெல்லக் கதை தெரியாது. யாருக்கும் தெரியாது. ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தொண்டையில் படிந்த தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும், காலையில் கழிந்துவிடும் என்பார் எங்கள் மேஸ்திரி. நாங்களும் நம்பினோம். எங்களுக்கு முகமூடி கிடையாது, வெல்லம் உண்டு. எல்லாரும் கேட்டுக்கு வெளியே நின்றே வாயில் போட்டுக்கொள்வார்கள். நான் மட்டும் காக்கிச் சட்டையின் மேல்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன், ஏனென்றால் கோகிலா வாசலில் நிற்பாள். மூன்று வயசு, நாலு வயசு. சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு ஏறுவாள், மார்பில் முகத்தைப் புதைத்து, பைக்குள் கையை விட்டு, வெல்லத்தை எடுப்பாள். என் வேலை என்ன? சாக்கைக் கிழித்துக் கல்நாரை மிஷினில் கொட்டுவது. இலவம் பஞ்சு மாதிரி பறக்கும், மயிர்க்காலெல்லாம் வெள்ளையாக இருக்கும், அந்தப் பையும் வெள்ளையாகத்தான் இருக்கும். வெயிலுக்கு இளகின வெல்லத்தில் அது மெல்லிசாக ஒட்டியிருக்கும். நான் ஊதிவிட்டுக் கொடுப்பேன். பூ என்று ஊதுவேன், அவள் மூஞ்சியில்தான் போய் விழும், அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஏழெட்டு வருஷம் ஒரு நாள் விடாமல். எனக்கான மருந்தை நான் தின்னாமல் பிள்ளைக்குக் கொண்டுவருகிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. நல்ல அப்பன். போன வருஷம் என் படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் விளக்கம் சொன்னபோது, துணியில் ஒட்டி வீட்டுக்குப் போகிற தூசியே போதும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அவருக்கு அது சாதாரண வார்த்தை. எனக்கு அந்த இடத்திலேயே பைக்குள் போன அந்தச் சின்னக் கை தெரிந்தது. அதற்கப்புறம் அவர் என் நெஞ்சைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒன்றும் காதில் ஏறவில்லை.

என் சம்சாரம் ருக்மணியும் இருந்தாளே. தினமும் அந்தக் காக்கியை வாங்கித் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் வாசலில் நின்று படீர் படீரென்று உதறுவாள். உதறாமல் நனைத்தால் அழுக்கு போகாது என்பது அவள் கணக்கு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருமி இருமியே போனாள். காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. காசமா, கல்நாரா, இனி யார் சொல்ல முடியும்? யாரிடமும் ஒரு படம் கிடையாது, படம் இல்லாமல் டிரஸ்டில் விண்ணப்பம் போட முடியாது. அந்தப் பணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்த இருமல் எனக்குத் தெரியும். ஈரமே இல்லாத இருமல். ஒன்று, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் மூன்று. தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் சமையல்கட்டில் அதே இருமல் கேட்டது. ஒன்று, இடைவெளி, மூன்று. ருக்மணிதான் என்று ஒரு நொடி நினைத்தேன், அப்புறம் அது கோகிலா என்று புரிந்ததும் கையிலிருந்த பேப்பரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையும் அவளும் என்னோடுதான் இருக்கிறார்கள். அவர் மில் வேன் ஓட்டுகிறவர், அதிகாலையிலேயே போய்விடுவார், அவருக்கு இதெல்லாம் கேட்காது. நான் கேட்டேன். தினமும் எண்ணினேன். திங்கட்கிழமை ஒன்பது, செவ்வாய் ஏழு, அப்பாடா குறைகிறது, புதன் பதினொன்று. டிரஸ்டில் குடும்பத்தாருக்கும் படம் எடுக்கிறார்கள், வா கண்ணு என்றேன். "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்ப்பா, டீ குடிச்சாத்தான் இப்படி வருது" என்றாள். காசு கிடைச்சாலும் கிடைக்கும் என்று பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். காசாம் காசு. அவள் சொன்னதுதான் சரி என்றாகிவிட்டது. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையை அரிக்கிறதாம், அதுதான் இருமலாம், வெறும் வயிற்றில் டீ குடிக்கக் கூடாதாம், சாப்பிட்டதும் படுக்கக் கூடாதாம். டீ! இரண்டு மாதம் என்னைப் பிழிந்து எடுத்தது டீ. நாளை முதல் அந்த டீத்தூள் டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். கத்துவாள், கத்தட்டும்.

சுங்கம் வளைவில் பஸ் திரும்பியது, மடியிலிருந்த உறை நழுவியது, பிடித்தேன். மூலையில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. 316, பெண். அவ்வளவுதான். பெயர் இல்லை. முதலில் ஒன்றும் தோன்றவில்லை, நம்ம நம்பர்தானே என்று ஒரு பாசத்தோடுதான் பார்த்தேன். அப்புறம்தான் அந்த நம்பர் அங்கே எப்படி வந்தது என்று யோசித்தேன். போன மாதம் படம் எடுக்க வேன் வந்தபோது மேஜைக்காரப் பையன் "நம்பர்?" என்று கேட்டான். அவன் கேட்டது விண்ணப்ப நம்பர். அது ஆயிரத்து நூற்று எட்டு, என் சட்டைப்பையில் தாளாகவே இருந்தது. நான் என்ன சொன்னேன்? முந்நூற்றுப் பதினாறு என்றேன். யார் நம்பர் கேட்டாலும் அதுதான் வாயில் வரும். இருபத்து மூன்று வருஷம் கேட்டில் 316, கேன்டீனில் 316, சம்பள வரிசையில் 316, ருக்மணிக்குப் பிரசவம் என்று மைக்கில் கூப்பிட்டபோதுகூட 316 என்றுதான் கூப்பிட்டார்கள். டோக்கன் என்று பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள், அதில் பொறித்திருக்கும். பையனும் எழுதிக்கொண்டான். சரி, அதனால் என்ன? அதனால் இதுதான்: நான் விருப்ப ஓய்வில் வந்ததும் அந்த வில்லையைச் சும்மா வைக்கவில்லை, புதிதாகச் சேர்ந்த காளியப்பனுக்குக் கொடுத்தார்கள். கம்பெனி மூடுகிற வரைக்கும் அவன்தான் 316. அவனும் நம்மைப் போல ஒருத்தன்தானே, நம்பர் என்று கேட்டால் அவன் வாயிலும் வேறு என்ன வரும்? அவன் சம்சாரம் இன்றைக்கு மண்டபத்தில் இருந்தாள். நீலச் சேலை, ஒடிசலான பொண்ணு, முந்தானையை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நம்பர் கூப்பிடுகிற பெண்பிள்ளை டாக்டர் அறை வாசலில் நின்று "முந்நூத்திப் பதினாறு" என்று கூப்பிட்டபோது, ஐயோ, இரண்டு பேருமே எழுந்தார்கள். கோகிலா கால் எட்டிப் போட்டு முன்னால் போய்விட்டாள், நீலச் சேலைக்காரி உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

அப்படியானால் டாக்டரம்மா பார்த்தது யார் படம்? பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. ஓடுகிற நெஞ்சைப் பார். எழுந்தேன், தூங்குகிறவன் என்மேல் சாய்ந்திருந்தான், மறுபடி உட்கார்ந்தேன். நிதானமாக யோசி. இரண்டு படம், இரண்டும் 316, இரண்டும் பெண். சுத்தமான படம் காளியப்பன் சம்சாரத்துடையதாக இருந்தால், தழும்பு இருக்கிற படம் அவள் பெயரில் இப்போது அந்த அறைக்குள் இருக்கும், அவளுக்குக் கை குலுக்குவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், என் மகள் வீட்டில் வெறும் வயிற்றில் டீ குடிக்காமல் சமர்த்தாக இருப்பாள், உள்ளே அது பாட்டுக்கு வளரும். டீ என்று சொன்னார்களே, அது எப்படிப் பொருந்தியது? இருமல் என்றால் யாருக்கும் சொல்வதுதான் அது. நாலு வரிசை முன்னால் கோகிலா கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக எதையோ பார்க்கிறாள், அநேகமாக ஒரு துணிக்கடை. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா? உள்ளே உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்களா கண்ணு? வேண்டாம். அவள் மூஞ்சியில் அந்தக் கேள்வி ஏறுவதை என்னால் பார்க்க முடியாது. எத்தனை நேரம் நிம்மதியாக இருந்தேன்? இருபது நிமிஷம் இருக்குமா? அதற்குள் பொறுக்கவில்லை இந்த மனசுக்கு. இது என் சொந்த வேலையும்தான். வெல்லம் கொடுத்த கை ஒன்று, நம்பர் சொன்ன வாய் ஒன்று. ஒரு தாளைப் பார்த்து நாலு எண் படிக்கத் துப்பில்லாதவன், பிள்ளையைக் காப்பாற்றப் புறப்பட்டானாம். உக்கடம் பாலத்தில் பஸ் ஏறியது. உறையின் வாயைப் பிரித்தேன்.

படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பாலத்தின் மேலே வெயில் நன்றாக இருந்தது. நெஞ்சுக்கூடு, விலா எலும்புகள், நடுவில் முதுகெலும்பு. எல்லாருக்கும் இருப்பதுதான். இதில் எங்கே போய் மகளைத் தேடுவது? பெற்ற பிள்ளையை நெஞ்செலும்பை வைத்து அடையாளம் காண எந்த அப்பனுக்குத் தெரியும்? அப்போதுதான் கழுத்துப்பட்டை எலும்பு கண்ணில் பட்டது. கோகிலாவுக்கு ஏழு வயசில் அது உடைந்தது. நான்தான் உடைத்தேன், வேறு யார்? சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் போகும்போது குறுக்கே நாய் வந்தது, பிரேக் பிடித்தேன், பிள்ளை முன்னால் போய் விழுந்தாள். இடது தோள். செட்டிபாளையத்தில் ஒரு கட்டு வைத்தியர், முட்டை வெள்ளைக்கரு தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது, நடுவில் ஒரு கணு. இன்றைக்கும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் இடது தோள் மட்டும் தூக்கி நிற்கிறது என்று டைலரிடம் சண்டை. ருக்மணி அதற்காக என்னை மூன்று மாதம் பேசினாள். படத்தில் தேடினேன். இடது பக்கம். இடது பக்கம் எலும்பு வழுவழுவென்று நேராக இருந்தது. கணு இல்லை. ஒன்றுமே இல்லை. எனக்குக் காது அடைத்தது. பஸ் சத்தம், ஆள் சத்தம், எல்லாம் தூரத்தில் போய்விட்டன. வலது பக்கம் பார்த்தேன், அங்கே இருந்தது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கணு. வலது பக்கம். வேறு யாரோ. காளியப்பன் சம்சாரம் எங்கேயோ எப்போதோ விழுந்திருக்கிறாள், அவளுக்கும் ஓர் அப்பன் இருந்திருப்பான். படத்தை மடியில் இறக்கினேன், மறுபடி தூக்கிப் பிடித்தேன்.

போன வருஷம் என் படத்தை வைத்துக்கொண்டு அந்த டாக்டர் என்ன சொன்னார்? படத்தை மாட்டினதுமே நான்தான் கேட்டேன், இதயம் இடது பக்கம் அல்லவா இருக்கும், படத்தில் வலது பக்கம் தெரிகிறதே என்று. அவர் சிரித்து, "உங்களுக்கு எதிர்ல ஒருத்தர் நிக்கிறார்னு வெச்சுக்கங்க, அவரோட இடது கை உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்றார். வலது பக்கம். எதிரில் நிற்கிறவரின் இடது எனக்கு வலது. மெதுவாக. அவசரப்படாதே. இதயம் எங்கே? நடு எலும்பை ஒட்டி வெள்ளையாகச் சரிந்து நிற்கிறதே, அதுதான் இதயம், அது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது? வலது பக்கம். கணு எந்தப் பக்கம்? வலது பக்கம். இரண்டும் ஒரே பக்கம். இதயத்துக்கு நேர் மேலே கணு. இது இடது தோள். இது கோகிலா. என் மகள் எனக்கு எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள், நான் அவளை முதுகுப் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அடடா, அடடா. இதயத்தின் இரண்டு பக்கமும் நுரையீரல் கருப்பாக, மழைக்கு முந்தின ஆகாசம் மாதிரி ஒரே கருப்பாக இருந்தது. என்னுடையதில் கீழ்ப்பக்கம் முழுக்க வெள்ளைக் கீறல்கள், ஒட்டடை அடிக்காத வீடு மாதிரி. இதில் ஒரு கீறல் கூட இல்லை. அத்தனை வருஷம் பைக்குள் கை விட்டவள், அத்தனை வருஷம் மூஞ்சியில் ஊதினேன், எங்கே போயிற்று அத்தனையும்? எப்படித் தப்பினாள்? தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். தப்பினாள். முன் சீட்டின் ஓரமாக நின்றிருந்த அம்மா ஒருத்தர் குனிந்து, "யாருக்குங்க படம்?" என்றார். "என்ற மகளுக்குங்க." "ஏதாச்சுமுங்களா?" "ஒண்ணுமில்லீங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, தூங்கினவன் விழித்துக்கொண்டான். "சுத்தமா இருக்குதுங்க. பாருங்க, எம்புட்டுச் சுத்தம் பாருங்க." அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், ஆனாலும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, பளிச்சுன்னு இருக்குது" என்றார். நல்லா இருக்கட்டும் அந்த அம்மா.

குனியமுத்தூர் தாண்டியதும் கூட்டம் குறைந்து காற்று வந்தது. மனசு கொஞ்சம் அடங்கியபோதுதான் அந்த நீலச் சேலை ஞாபகம் வந்தது. இது கோகிலாவின் படம் என்றால் அங்கே இருப்பது அவளுடையதேதான். அதில் என்ன இருக்கிறதோ. சற்று முன்பு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இரண்டில் எது யாருக்கு என்று நினைத்தபோது என் மனசு அவள் பக்கம் எதைத் தள்ளியது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லப் போவதில்லை, ஆனால் தள்ளினேன். அந்தப் பொண்ணுக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது. ராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டேன், மண்டபத்தில்தான் இருந்தான். 316 இரண்டு இருக்கிறது, காளியப்பனை விண்ணப்ப நம்பரைக் காட்டிச் சரிசெய்துகொள்ளச் சொல் என்றேன். "அட ஆமாம்ப்பா, நானுங்கூட 208-னுதான் குடுத்தேன்" என்றான். "நம்ம ஆளுக பாதிப்பேர் டோக்கன் நம்பர்தான் குடுத்திருக்கறானுக. இரு, மைக்குலயே சொல்லச் சொல்றேன்." போனுக்குள்ளேயே அவன் யாரையோ கூப்பிடுவதும், நாற்காலிகள் நகர்வதும் கேட்டன. காளியப்பன் சம்சாரத்துக்கு என்ன வந்தது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவன் வைத்துவிட்டான். சாயந்திரம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கினோம். இங்கிருந்து வீட்டுக்கு மேடு, நல்ல ஏற்றம், கால் கிலோமீட்டர். கோகிலா என் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டாள், இன்னொரு கையில் வழியில் காய் வாங்குவதற்கென்று கொண்டுவந்த பை. "ஏனுங்ப்பா, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்திருக்குது?" என்றாள். பஸ்ஸில் கூட்டம் என்றேன். தள்ளுவண்டியில் தக்காளியும் பூசணிக்காயும் வாங்கினாள், பேரம் பேசினாள், கொசுறாகப் போட்ட பழுத்த மிளகாய்க்காக ஒரு சண்டையும் போட்டாள். அப்புறம் நடந்துகொண்டே, "உள்ள ஒரு ஆபீசர் சொன்னாருங்ப்பா. இல்லைன்னு வந்தவங்க தொண்ணூறு நாளைக்குள்ள மேல்முறையீடு போடலாமாம். இன்னொரு டாக்டர் மறுக்காப் பாப்பாராம். போட்டு வெக்கிலாமுங்களா? கெடச்சாக் கெடைக்கட்டும்" என்றாள். அவள்மேல் தப்பு இல்லை. நான்தானே காசு காசு என்று ஆசை காட்டிக் கூட்டிப்போனேன். "வேண்டாம் கண்ணு" என்றேன். "ஏனுங்க?" "அவங்க இல்லைன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் சாமி. அது மேல யாரும் இனி தேட வேண்டாம்." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, "செரிங்ப்பா" என்றாள்.

மேட்டில் கால்வாசி ஏறியதும் வழக்கம் போல எனக்கு மூச்சு முட்டியது. மின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் நின்றாள், பூசணிக்காய்ப் பையைக் கீழே வைக்கப் போனாள். "நிக்காத கண்ணு, நீ போ" என்றேன். "இருக்கட்டுமுங்ப்பா, மெதுவாப் போலாம்." "போன்னா போ. எனக்கோசரம் நிக்காத. நான் பாத்துக்கிட்டே வாரேன்." குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது, அவள் ஏதோ முனகிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒரு கையில் காய்ப்பை, ஒரு கையில் அந்த உறை. நான் கம்பத்தோடு சாய்ந்து நின்று பார்த்தேன். பள்ளிக்கூடச் சுவர் தாண்டினாள். தண்ணீர்த் தொட்டி தாண்டினாள், அங்கேதான் ஏற்றம் செங்குத்து, நான் அங்கே இரண்டு தடவை உட்காருவேன். யாரோ ஒரு வீட்டுக்காரி வாசலிலிருந்து என்னவோ கேட்டாள், இவள் நடையை விடாமல், திரும்பாமல், சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனாள், அந்தச் சத்தம் எனக்குக் கீழே வரைக்கும் கேட்டது. பேசிக்கொண்டே ஏறுகிறாள். மேடு முடிகிற இடம் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை.